கிருஷாந்தியின் கால்கள்

கிருஷாந்திக்கு மூளையில் ஒரு குறையும் சொல்ல முடியாது. கோளாறு முழுக்கக் கால்களில்தான். நான் இட்டுக்கட்டிச் சொல்வதாக யாரும் நினைக்க வேண்டாம், இதை அவளே வாய்விட்டுச் சொல்லிச் சிரிப்பாள். சிரிப்பெல்லாம் பிறகு வந்ததுதான். நடந்த அன்றைக்குத் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள்.

போன மார்ச் மாதம் கொழும்பிலுள்ள ஒரு பெரிய மென்பொருள் கம்பனி அவளை நேர்முகத் தேர்வுக்கு அழைத்திருந்தது. லேசுப்பட்ட வேலை இல்லை, நாற்பது பொறியியலாளர்களை மேய்த்து நடத்துகிற மேனேஜர் வேலை. பதுளையில் வாடகைக்கு எடுத்த வீட்டின் முன்னறையில், மடிக்கணினிக்கு முன்னால் போய் உட்கார்ந்தாள். மேலே இஸ்திரி போட்ட நீலச் சட்டை, கறுப்புக் கோட்டு. கீழே யார் பார்க்கப்போகிறார்கள்? பெரிய பெரிய செவ்வரத்தம்பூ போட்ட வீட்டுப் பாவாடை. நாற்பது நிமிடம் கேட்ட கேள்விக்கெல்லாம் பிசிறில்லாமல் பதில் சொன்னாள். அப்போது திரையில் புதிதாக ஒரு முகம் வந்தது. கம்பனியின் டைரக்டர். தொண்டையைச் செருமிக்கொண்டு கனத்த குரலில் "குட் ஆஃப்டர்நூன்" என்றார்.

கிருஷாந்தி எழுந்து நின்றுவிட்டாள்.

யோசித்து எழுந்திருந்தால் திட்டலாம். யோசிக்கவே இல்லை. கால்கள் தம்பாட்டுக்கு எழுந்துவிட்டன. கமராவில் முகம் மறைந்து, கோட்டின் கடைசிப் பொத்தானும் அதற்குக் கீழே செவ்வரத்தம்பூக்களும் தெரிந்தன. அந்தப் பக்கம் ஒருவரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தாலாவது பரவாயில்லை. "எங்காவது போகவேண்டியிருக்கிறதா?" என்று டைரக்டர் மரியாதையாகக் கேட்டார்.

அவள் உட்கார்ந்தாள், ஆனால் உடம்பு மட்டுந்தான் உட்கார்ந்தது. அதன் பிறகு அவர் சொன்னதற்கெல்லாம் தலையாட்டினாள். ஒரு திட்டத்தைச் சொல்லி அபிப்பிராயம் கேட்டார். அது தேறாது என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் "நல்ல யோசனை சேர்" என்றாள். இரண்டு நாளில் மின்னஞ்சல் வந்தது. தொழில் அறிவு மிகச் சிறப்பு, ஆனால் மேலதிகாரிகள் முன்னால் சொந்தக் கருத்தில் நிற்கும் உறுதியைக் காணவில்லை என்று எழுதியிருந்தார்கள். அதற்கு முந்தின வருடம் வேறொரு கம்பனியும் சுற்றி வளைத்து இதையேதான் சொல்லியிருந்தது.

அந்தக் கால்கள் எங்கே பழகிய கால்கள் என்று சொல்லிவிடுகிறேன். மடுல்சீமைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில், ஒற்றை அறைக் காம்பராவில் பிறந்தவள் அவள். அப்பா சிங்கராயருக்குத் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டுகிற வேலை, அம்மா பவுலினாவுக்குக் கொழுந்து பறிக்கிற வேலை. ஐந்து வயதில் ஒருநாள் அவளுக்குக் காய்ச்சல் கொதித்தது. அப்பா தோளில் தூக்கிக்கொண்டு, குடை பிடித்து, தோட்டத்து ஆஸ்பத்திரிக்கு நடந்தார். மழை கொட்டு கொட்டென்று கொட்டியது. எதிரே தோட்டத்து மேனேஜரான பெரிய தொரையின் ஜீப் வந்தது. சிங்கராயர் குடையை மடக்கினார். ரோட்டோரத்துத் தண்ணீர்க் கானுக்குள் இறங்கி நின்று, தலைத்துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். தோளில் காய்ச்சல்காரப் பிள்ளை நனைந்துகொண்டே இருந்தது. ஜீப் நிற்கக்கூட இல்லை. அது வளைவில் போய் மறைந்த பிறகுதான் அவர் குடையை விரித்தார்.

சிங்கராயர் கெட்ட தகப்பன் இல்லை. மகளைப் பதுளையில் விடுதியில் விட்டுப் படிக்க வைத்தவர் அவர்தான். தொரையைக் கண்டால் அவருக்கு வேறு வழி தெரியாது, அவ்வளவுதான். கிருஷாந்தி உயர்தர வகுப்பில் கணிதம் எடுத்தாள், பல்கலைக்கழகம் போனாள், கொழும்பில் பதினாலு வருடம் மென்பொருள் எழுதி, எட்டுப் பேருக்குத் தலைவியானாள். அப்பா செத்துப்போனார். கொரோனா வந்து எல்லாரையும் வீட்டிலிருந்து வேலை செய்யச் சொன்னபோது பதுளைக்கே திரும்பி வந்தாள். கணவன் றுஷாந்தன் இங்கேதான் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். அம்மாவும் கூடவே வந்துவிட்டாள். எல்லாம் மாறிற்று. கால்கள் மட்டும் அந்தக் கானுக்குள்ளேயே நின்றுகொண்டிருந்தன.

ஜூன் மாதம் இப்போதைய கம்பனி ஒரு கட்டளை போட்டது. ஓகஸ்ட் முதலாம் திகதியிலிருந்து எல்லாரும் கொழும்பு ஆபீசுக்கு வந்தாக வேண்டும். அதே வாரம் வேறொரு கம்பனி அவளைக் கூப்பிட்டது. ஆஸ்பத்திரிகளுக்கு மென்பொருள் செய்கிற வெளிநாட்டுக் கம்பனி. நாற்பத்தைந்து பேருக்கு மேனேஜர், எந்த ஊரிலிருந்தும் வேலை செய்யலாம். முதல் இரண்டு சுற்றும் தேறிவிட்டாள். கடைசிச் சுற்றுக்கு ஒன்பது நாள் இருந்தது. இது கிடைத்தால் பதுளையிலேயே இருக்கலாம். கிடைக்காவிட்டால் ஒன்று வேலையை விடவேண்டும், இல்லை வீட்டை விடவேண்டும். அம்மாவுக்குக் கொழும்பு வெக்கை ஒரு நாளும் ஒத்துக்கொள்ளாது.

"மூணாவது தடவ," என்றாள் றுஷாந்தனிடம். "இந்தத் தடவ விடமாட்டேன். தலகீழா நின்னாவது எடுத்துருவேன்."

"தலகீழா நின்னாலும் பரவாயில்ல," என்றான் அவன். "நேரா நின்னுறாத."

தலையணை அவன் மேல் பறந்தது.

மறுநாளே அவள் நஸ்மியாவைக் கூப்பிட்டுவிட்டாள். நஸ்மியா பதுளைக்காரி, கூடப் படித்தவள். கொழும்பில் இதே மாதிரிக் கம்பனியில் ஆட்களை வேலைக்கு எடுக்கிற பிரிவில் பத்து வருடம் இருந்தவள். இப்போது வீட்டில் பிறந்தநாள் கேக் செய்து விற்கிறாள். வரும்போதே கேக் வைக்கிற அட்டைத் துண்டுகள் பன்னிரண்டைக் கொண்டுவந்து மேசையில் போட்டாள்.

"பன்னெண்டு கேள்வி. அதுக்கு மேல எவனும் கேக்க மாட்டான்," என்றாள். "ஒவ்வொரு அட்டையிலயும் உன்ட வாழ்க்கையில நடந்த ஒரு சம்பவம். பாடமாக்காத. கத சொல்ற மாதிரிச் சொல்லு."

கிருஷாந்தி எழுதினாள். வேலையில் சுணங்கிய ஒருவனைத் திருத்தி எடுத்தது, முடியாமல் ஒருத்தியை வேலையிலிருந்து நிறுத்த வேண்டி வந்தது, தன் பிழையால் ஒரு நாள் முழுக்கச் சேவை நின்றுபோய் அதை எல்லார் முன்னாலும் ஒப்புக்கொண்டது, ஒருவரோடொருவர் பேசாத இரண்டு பேரை ஒரு வேலையில் சேர்த்தது. அட்டைகளைச் சமையலறைச் சுவரில் வரிசையாக ஒட்டினாள். தேங்காய் துருவும்போது ஒன்று, ரொட்டி தட்டும்போது ஒன்று என்று வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தாள். பவுலினா அடுப்படியில் உட்கார்ந்து, இங்கிலீஷ் ஒரு சொல்லும் விளங்காமல், ஒவ்வொன்றுக்கும் "சரியா சொன்ன" என்று தலையாட்டினாள்.

ஏழாவது அட்டை மட்டும் வெறுமையாக இருந்தது. அதன் தலைப்பில் நஸ்மியா எழுதியிருந்தாள்: 'மேலதிகாரியிடம் முடியாது என்று சொன்னது.'

"ஒண்ணுமே இல்லையா?" என்று கேட்டாள் நஸ்மியா.

"இல்ல."

"பதினாலு வருஷத்துலயா?"

"பதினாலு வருஷத்துல."

"அல்லாஹ்வே! அப்ப ஒண்டக் கட்டி எழுது. எல்லாரும் அதத்தான் செய்றாங்க. எத்தின பேர்ட பொய்ய நான் தலையாட்டிக் கேட்டிருக்கேன் தெரியுமா?"

"எனக்குப் பொய் சொன்னா காது செவந்துரும்டி. கமராவுல அதுதான் முதல்ல தெரியும்."

நஸ்மியா பெருமூச்சு விட்டாள். சரி, கால்களையாவது பழக்குவோம் என்று இறங்கினார்கள். றுஷாந்தனுக்குக் கோட்டுப் போட்டு, அடுத்த அறையிலிருந்து டைரக்டராகப் பேசவைத்தார்கள். அவன் குரலைக் கனக்க வைத்து "குட் ஆஃப்டர்நூன்" என்றான். கிருஷாந்தி விழுந்து விழுந்து சிரித்தாள். எழவில்லை. நஸ்மியா அதட்டிப் பார்த்தாள், அதற்கும் எழவில்லை. கட்டின புருஷனுக்கும் கூடப் படித்த சிநேகிதிக்கும் எழுந்து நிற்க அந்தக் கால்களுக்கு என்ன விசரா? அவற்றுக்கு அசல் தொரை வேண்டும்.

"மடியில அம்மிக்கல்லத் தூக்கி வச்சுருவோம்," என்றான் றுஷாந்தன். "எப்புடி எந்திரிக்கிறாள்னு பாப்போம்."

பவுலினாவுக்கு இந்தக் கூத்து கொஞ்சமும் பிடிக்கவில்லை. "தொர வந்தா எந்திரிக்கத்தான் வேணும். அது மருவாத. அதுக்குப் போயி வேல குடுக்கலன்னா அவன் என்ன மனுசன்?" என்று முணுமுணுத்தாள்.

ஐந்தாம் நாள், ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்த நேரம், தம்பி றொபின்சன் தோட்டத்திலிருந்து போன் எடுத்தான். றொபின்சன் இன்னும் அதே லயத்தில்தான் இருக்கிறான், ஓட்டோ ஓட்டுகிறான். அவன் மகள் ஜெசீகாவுக்கு நவம்பரில் உயர்தரப் பரீட்சை. ஒற்றைக் காம்பராவில் ஆறு பேருக்கு நடுவில் பிள்ளை எங்கே படிக்கும்? லயத்தின் பின்பக்கம் பலகையும் தகரமும் வைத்து, ஒரு மேசையும் கட்டிலும் கொள்கிற அளவில் அறையொன்று அடித்திருந்தான். அனுமதி இல்லாமல் கட்டியது, சனிக்கிழமைக்குள் பிரிக்க வேண்டும் என்று தோட்டத்து ஆபீசிலிருந்து கடிதம் வந்துவிட்டது.

"அக்கா, இங்கிலீஷுல ஒரு கடுதாசி எழுதிக் குடு. நல்லா பணிவா எழுது. கால்ல விழுந்த மாதிரி இருக்கணும்," என்றான்.

கிருஷாந்தி பேனையை எடுத்தாள். ஒரு வரி எழுதினாள். தலையை நிமிர்த்தியபோது சுவரில் ஏழாவது அட்டை வெறுமையாக அவளைப் பார்த்துக்கொண்டிருந்தது. பேனையை வைத்துவிட்டாள்.

"கடுதாசி வேணாம்டா. செவ்வாக்கெழம நானே வாறேன்."

செவ்வாய்க்கிழமைதான் தோட்டத்தில் பெரிய தொரை தொழிலாளிகளின் முறைப்பாடு கேட்கும் நாள். நேர்முகத் தேர்வுக்கு அதன்பிறகு இரண்டே நாள் இருந்தது. நஸ்மியாவிடம் சொன்னபோது அவள் தலையில் கை வைத்தாள். "படிக்கிற நேரத்துல தகரம் பாக்கப் போறியா? உனக்கென்ன பைத்தியமா?" என்றாள். பவுலினா அதைவிடக் கோபப்பட்டாள்.

"நீ ஏதாச்சும் பேசிப்புட்டு பஸ் ஏறிருவ. அங்க கெடந்து அனுபவிக்கப் போறது அவன். நானும் வாறேன். நீ வாயத் தொறந்தா இழுத்துக்கிட்டு வந்துருவேன்."

பஸ்ஸில் பசறை தாண்டி மடுல்சீமை வரை. அதற்கு மேல் றொபின்சனின் ஓட்டோ. அந்த ரோட்டைப் பற்றிப் பேசாமல் இருப்பதே நல்லது. குலுங்கிய குலுக்கலில் கிருஷாந்தி காலையில் பாடமாக்கிய பதில்கள் பாதி கொட்டிப்போயிருக்கும்.

தோட்டத்து ஆபீசில் தொழிலாளிகளுக்குக் கதவு கிடையாது, ஜன்னல்தான். வெளியே கொட்டுகிற மழையானாலும் காய்கிற வெயிலானாலும் ஜன்னலுக்கு அந்தப் பக்கம் நின்று, கம்பிக்கு நடுவில் சொல்லவேண்டியதைச் சொல்லிவிட்டுப் போகவேண்டும். உள்ளே மேசைக்கு எதிரில் இரண்டு நாற்காலிகள் உண்டு. அவை வெளியாட்களுக்கு. அன்றைக்கு ஜன்னலில் பத்துப் பேர் நின்றார்கள். பவுலினா போய்ப் பதினோராவது ஆளாக நின்றாள். தலையில் போட்டிருந்த துண்டை எடுத்து மடித்துக் கையில் வைத்துக்கொண்டாள். அவள் வேலையை விட்டுப் பன்னிரண்டு வருடம் ஆகிறது.

அதைப் பார்த்ததும் கிருஷாந்தி வரிசையில் நிற்கவில்லை. நேரே கதவுக்குப் போனாள்.

"ஜன்னலுக்கு வாங்கம்மா," என்றார் கிளாக்கர்.

"உள்ளுக்கு வந்து பேசணுங்க. றொபின்சனோட அறை விஷயம்."

கிளாக்கர் கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். "நீங்க சிங்கராயர் மகள்தானே?"

"ஆமாங்க. அவரு மகள்தான்."

அவர் தடுப்பதா விடுவதா என்று யோசிப்பதற்குள் அவள் உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். பிரம்பு நாற்காலி கிறீச்சென்றது. ஜன்னலில் நின்ற பதினொரு பேரும் பேச்சை நிறுத்தினார்கள்.

பின்கதவைத் திறந்துகொண்டு தொரை வந்தார். இருபத்தெட்டு, முப்பது வயதுதான் இருக்கும். சின்னப் பையன் மாதிரி முகம், அரைக் காற்சட்டை, காலில் நீளச் சப்பாத்து. ஜன்னலில் "சலாங்க" என்று எல்லாரும் ஒரே குரலில் சொன்னார்கள். கிருஷாந்தியின் கால்கள் எழுந்துவிட்டன.

பாவிக் கால்கள்! இத்தனை சொல்லியும், இத்தனை பழக்கியும், பத்து வயது இளையவன் ஒருவன் முன்னால் எழுந்து நிற்கின்றன. அவளுக்குத் தன் மேலேயே ஆத்திரம் வந்தது. ஆத்திரத்தோடு ஒரு மூச்சு விட்டாள். பிறகு, அவர் "உட்காருங்கள்" என்று சொல்வதற்கு முன்பே, யார் சொல்லும் இல்லாமல், மறுபடியும் உட்கார்ந்தாள். அந்த நேரத்தில் அவளுக்கு ஒன்று பிடிபட்டது. எழுந்து நிற்பது கால்களின் பழக்கம், போகட்டும். உட்காருவது தன் கையில் இருக்கிறது.

இங்கிலீஷில் பேசினாள். தொரை மரியாதையானவர்தான். சட்டத்தைச் சொன்னார், லயத்தை ஒட்டி எதைக் கட்டினாலும் முன்னனுமதி வேண்டும் என்றார். "சனிக்கிழமைக்குள் பிரித்துவிடுங்கள், பிறகு விண்ணப்பம் போடுங்கள், பார்க்கலாம்," என்றார்.

"முடியாது," என்றாள் கிருஷாந்தி.

தொண்டையில் ஏதோ இடறியது. பதினாலு வருடமாகச் சொல்லாத சொல் அல்லவா! ஆனாலும் நிறுத்தவில்லை.

"விண்ணப்பத்தைக் கையோடு கொண்டுவந்திருக்கிறேன். அனுமதி இல்லாமல் கட்டியது எங்கள் பிழை, அதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பிள்ளைக்கு நவம்பரில் பரீட்சை. இப்போது பிரித்தால் அவள் மழையில் உட்கார்ந்து படிக்க வேண்டும். பரீட்சை முடியும்வரை அந்த அறையை நாங்கள் பிரிக்க மாட்டோம். நீங்கள் வந்து பாருங்கள். ஆபத்தாக ஏதாவது இருந்தால் நாளைக்கே திருத்தித் தருகிறோம்."

தொரை அவளைப் பார்த்தார். மேசையில் கிடந்த விண்ணப்பத்தைப் பார்த்தார். "நான் மேலிடத்தைக் கேட்கவேண்டும்," என்றார்.

"கேளுங்கள். பதில் வரும்வரை அது அப்படியே நிற்கும் என்று இதில் ஒரு வரி எழுதித் தாருங்கள்."

ஜன்னலில் யாரோ இருமினார்கள். பவுலினாவின் முகம் கம்பிக்கு நடுவில் வெளுத்துப்போயிருந்தது. தொரை பேனையைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டிருந்தார். கடைசியில் ஒரு வரி எழுதி, திகதி போட்டு, கையெழுத்து வைத்தார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் பவுலினா துண்டை மறுபடி தலையில் போட்டுக்கொண்டாள். பதுளை நெருங்கும்போதுதான் வாய் திறந்தாள்.

"ஒங்கப்பா இருந்திருந்தா பயத்துலயே செத்துருப்பாரு."

"தெரியும்மா."

"அந்தத் தொர பய ஒன்னய அடிக்கல, ஏசல," என்றாள் பவுலினா, ஏதோ கணக்குப் பிழைத்துவிட்ட மாதிரி. "கையெழுத்துப் போட்டுக் குடுக்குறான். அம்புட்டுத்தானா?" என்று கேட்டுவிட்டு, ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதாள். மகள் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அன்று பின்னேரமே ஏழாவது அட்டை நிறைந்தது. நஸ்மியா வாசித்துப் பார்த்தாள். "மென்பொருளுக்கும் தகரத்துக்கும் என்னடி சம்பந்தம்? கேட்டுட்டுச் சிரிக்கப் போறாங்க," என்றாள்.

"சிரிக்கட்டும். காது செவக்காது."

மீதி இரண்டு நாளும் தூங்குகிற நேரம் தவிர அவள் படித்துக்கொண்டே இருந்தாள். அந்தக் கம்பனியின் மென்பொருள் எந்தெந்த ஆஸ்பத்திரிகளில் ஓடுகிறது, எங்கே முறைப்பாடு வந்தது, ஆட்கள் ஏன் விட்டுப் போகிறார்கள் என்று கிடைத்ததையெல்லாம் தோண்டி எடுத்தாள். நாற்பத்தைந்து பேரை எப்படிப் பிரித்து நடத்துவாள் என்று மூன்று விதமாக எழுதிப் பார்த்தாள். வெள்ளிக்கிழமை பின்னேரம் மூன்று மணிக்கு, இந்தத் தடவை மேலேயும் கீழேயும் ஒழுங்காக உடுத்திக்கொண்டு, மடிக்கணினியைத் திறந்தாள்.

பவுலினா வந்து நின்றாள், கையில் ஜெபமாலை. "நான் அந்த மூலையில உக்காந்து செபம் சொல்றேன். மூச்சுக் காட்ட மாட்டேன்," என்றாள். வேண்டாமென்று சொல்ல மனம் வரவில்லை. கமராவில் தெரியாத மூலையில் ஸ்டூலைப் போட்டுக் கொடுத்தாள்.

முதல் ஒரு மணி நேரம் இரண்டு பேர் கேட்டார்கள். அட்டைகளில் ஏழெட்டு அப்படியே வந்தன. ஏழாவது கேள்வியும் வந்தது. தகர அறையின் கதையைச் சொன்னாள். ஒருவரும் சிரிக்கவில்லை. அவர்களில் ஒருத்தி, "அந்த ஒரு வரியைக் கேட்டு வாங்கினீர்களா?" என்று மட்டும் திருப்பிக் கேட்டு, ஏதோ குறித்துக்கொண்டாள்.

அதற்குப் பிறகுதான் பெரியவர் வந்தார். லண்டனிலிருந்து. ஐந்து நாடுகளின் வேலைகளுக்கெல்லாம் தலைமை. கிருஷாந்தி நாற்காலியின் கைகளைப் பிடித்துக்கொண்டாள். அவர் முகம் திரையில் தெரிந்தது. கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி ஆழமான ஆண் குரல் அறை முழுக்க நிறைந்தது. "குட் ஆஃப்டர்நூன்."

அவளுடைய கால்கள் துடித்தன. எழவில்லை. எழவே இல்லை!

அவர் நேரே விஷயத்துக்கு வந்தார். பழைய மென்பொருளை மூன்று மாதத்தில் தூக்கி எறிந்துவிட்டு, எல்லா ஆஸ்பத்திரிகளையும் ஒரே நாளில் புதியதுக்கு மாற்றப்போகிறேன், நீங்கள்தான் அதை நடத்தவேண்டும், என்ன சொல்கிறீர்கள் என்று கேட்டார். பதில் சொல்ல வாயைத் திறந்தபோது, மூலையில் ஸ்டூல் தரையில் உரசுகிற சத்தம் கேட்டது.

கிருஷாந்தி திரும்பிப் பார்த்தாள். பவுலினா எழுந்து நின்றுகொண்டிருந்தாள். தலைத் துண்டு கையில். ஜெபமாலை மற்றக் கையில். திரை அவளுக்குத் தெரியவில்லை, பேச்சு விளங்கவில்லை. அந்தக் குரல் மட்டும் கேட்டிருந்தது. அது போதும். முப்பத்தேழு வருடம் கொழுந்து பறித்த கால்கள், வீங்கின முழங்கால்களோடு, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றன.

கிருஷாந்திக்குக் கண் கலங்கியது. அதைவிடக் கோபம் வந்தது. பெரியவர் காத்திருந்தார். காத்திருக்கட்டும் என்று நினைத்தாள்.

"அம்மா, உக்காரு," என்றாள் தமிழில், உரக்கவே.

பவுலினா தலையை ஆட்டினாள். திரைப்பக்கம் கையைக் காட்டினாள்.

"அம்மா. அவரு தொர இல்ல. அவரு தொரையா இருந்தாலும் பரவாயில்ல. ஒனக்கு முழங்கால் நோவுது. நீ உக்காரு."

அம்மா உட்காரும்வரை அவள் திரைப்பக்கம் திரும்பவில்லை.

"யாராவது இருக்கிறார்களா?" என்று கேட்டார் பெரியவர்.

"என் அம்மா," என்றாள் கிருஷாந்தி. "தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்தவர். பெரிய அதிகாரி குரல் கேட்டால் எழுந்து நிற்பது எங்கள் ஆட்களின் பழக்கம். எனக்கும் அது இருந்தது. இப்போது அவரை உட்காரச் சொன்னேன், அதனால் உங்களைக் காத்திருக்க வைத்துவிட்டேன். இனி உங்கள் கேள்வி. உங்கள் திட்டத்தை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்."

அந்தப் பக்கம் மற்ற இரண்டு முகங்களும் அசையவில்லை.

"உங்கள் அம்மா உட்கார்ந்துவிட்டாரா?" என்றார் பெரியவர்.

"உட்கார்ந்துவிட்டார்."

"நல்லது. என் திட்டத்தில் என்ன பிழை?"

சொன்னாள். ஒரே நாளில் மாற்றினால், ஏதாவது ஒரு ஆஸ்பத்திரியில் ஒரு நோயாளியின் மருந்துப் பட்டியல் மாறிப்போகும், அது ஆள் செத்த பிறகு திருத்தக்கூடிய பிழை இல்லை என்றாள். ஒவ்வொரு ஆஸ்பத்திரியாக மாற்றவேண்டும், பழையது பக்கத்திலேயே ஓடவேண்டும், ஒன்பது மாதம் வேண்டும் என்றாள். அவர் இடையிடையே மறித்தார். மூன்று இடத்தில் அவர் சொன்னது சரி, அதை ஏற்றுக்கொண்டாள். ஒன்பது மாதத்தை எட்டாக்கச் சொன்னார். "முடியாது," என்றாள். இரண்டாவது தடவை அந்தச் சொல் தொண்டையில் இடறவில்லை.

ஒரு வாரம் கழித்துப் போன் வந்தபோது பவுலினா முற்றத்தில் கறிக்குப் போஞ்சிக்காய் உடைத்துக்கொண்டிருந்தாள். கிருஷாந்தி பேசி முடித்து வெளியே வந்தாள். றுஷாந்தன் பள்ளிக்கூடத்தில், நஸ்மியா கேக் அடுப்படியில். சொல்வதற்கு அம்மாவைத் தவிர ஒருவரும் இல்லை.

"கெடச்சிருச்சும்மா."

பவுலினா போஞ்சியைக் கீழே வைத்தாள். சிலுவை போட்டுக்கொண்டாள். மகளின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துப் பார்த்தாள். பிறகு, வேறு எதையும்விட அதுதான் தெரியவேண்டும் என்பதுபோல, மெல்லக் கேட்டாள்.

"எந்திரிச்சு நிக்காம, உக்காந்துக்கிட்டேதான வாங்குன?"

"உக்காந்துக்கிட்டேதாம்மா," என்றாள் கிருஷாந்தி. "ரெண்டு பேரும் உக்காந்துக்கிட்டேதான்."